பலியிட்டவருக்கு 6 ஆண்டு, பலியிட வற்புறுத்தியவருக்கு 10

எகிப்தின் ஃபயூம் பகுதியில் மணலுக்கடியிலிருந்து கிடைத்த பாப்பிரஸ் சுவடிகளில் ஒரு வகை, நம் ஊர் தாலுகா அலுவலகத்தில் கொடுக்கும் மனுவைப் போலவே இருக்கும். 1893இல் அச்சில் வந்த முதல் சுவடி இப்படிப் போகிறது: அலெக்சாந்தர் தீவு என்ற கிராமத்தில் பலிகளை மேற்பார்வையிட அமர்த்தப்பட்டவர்களுக்கு, அதே கிராமத்தைச் சேர்ந்த சதாபூஸ் மகன் அவ்ரேலியுஸ் தியோகெனெஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு, எழுதிக்கொண்டது. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன்; இப்போதும் அரசாணைப்படி உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், பானப்பலி ஊற்றினேன், பலிப்பொருளைச் சுவைத்தேன்; இதற்குச் சான்றளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். கீழே ‘பலியிடக் கண்டேன்’ என்று ஒரு கையொப்பம். பிறகு பேரரசர் தேசியுஸின் முழுப் பட்டப்பெயரும் தேதியும். நம் கணக்கில் அது கி.பி. 250 ஜூன் 26.

இதே வாசகத்தில் 40க்கு மேற்பட்ட சான்றிதழ்கள் கிடைத்திருக்கின்றன. மனுவின் உடலை எழுத்தர் ஒருவர் முன்கூட்டியே எழுதிவைத்திருப்பார். பெயர், வயது, அங்க அடையாளம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ‘கண்டேன்’ என்ற வரி வேறொரு கையெழுத்தில் இருக்கும். முதலைத் தெய்வமான பெதெசூகோஸின் பூசாரிணி ஒருத்தியின் சான்றிதழும் இவற்றில் உண்டு. அதாவது ஆணை கிறிஸ்தவர்களைப் பெயர் சொல்லித் தேடவில்லை. எல்லாரும் வந்து பலியிட்டுச் சீட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். வலை எல்லார்மேலும் விழுந்தது, சிக்கியவர்கள் கிறிஸ்தவர்கள்.

கிறிஸ்தவ நம்பிக்கையில் துரோகமும் மீட்பும் என்று பேச ஆரம்பித்தால் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசையும் அவரை மறுதலித்த பேதுருவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி முடித்துவிடுவது நம் மறையுரை வழக்கம். எனக்கு அதைவிட 250க்கும் 325க்கும் இடைப்பட்ட 75 ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஒரு ஆள் இல்லை, இரண்டு ஆள் இல்லை. ஊர் ஊராக, சபை சபையாக மக்கள் மறுதலித்துவிட்டு, ஆபத்து தணிந்ததும் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களை என்ன செய்வது? மன்னிக்கலாமா கூடாதா என்பது கேள்வியின் பாதிதான். யார், என்ன செய்தார், யாருக்காக, எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை முறை என்பது மறுபாதி. அந்த இரண்டாம் பாதியை விசாரித்த இடங்களில் சபை பிழைத்தது. விசாரிக்காமல் தாண்டிப்போன இடங்களில் உடைந்தது.

சான்றிதழில் மூன்று செயல்கள் இருந்தன: பலியிடுதல், மது ஊற்றுதல், உண்ணுதல். எனவே விழுந்த விதமும், அதாவது மறுதலித்த விதமும், ஒரே மாதிரி இல்லை. பலி இறைச்சியை உண்டவர்கள் ஒரு வகை. அரசர் சிலைக்கு முன்னால் ஒரு சிட்டிகைத் தூபம் மட்டும் போட்டவர்கள் இன்னொரு வகை. பீடத்தின் பக்கமே போகாமல், அதிகாரிக்குக் காசு கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டவர்கள் மூன்றாவது வகை. இந்த மூன்றாம் வகையினருக்குத் தாங்கள் எதையும் மறுதலித்ததாகவே தோன்றவில்லை. ‘ஆயர் பலியிடக் கூடாது என்றார், நான் பலியிடவில்லையே! நான் கிறிஸ்தவன், என்னால் ஆகாது என்று அதிகாரியிடம் சொல்லித்தான் பணத்தைக் கொடுத்தேன்’ என்பது அவர்கள் வாதம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் தம் கடிதம் ஒன்றில் இந்த வாதத்தைக் கேலி செய்யாமல் முழுக்க எடுத்து எழுதியிருக்கிறார். அவருடைய எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

கார்த்தேஜில் நடந்ததை அவர் மறைக்கவும் இல்லை. கூப்பிடும் முன்பே கூட்டம் மன்றத்துக்கு ஓடியது. பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வா என்று அதிகாரிகள் சொன்னால், இன்றைக்கே முடித்துக் கொடுங்கள் என்று கெஞ்சியவர்கள் இருந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெற்றோர் ஊரைவிட்டு ஓட, தாதியிடம் விடப்பட்ட ஒரு பெண்குழந்தையின் கதையையும் சொல்கிறார். தாதி அதை அதிகாரிகளிடம் எடுத்துப்போனாள். இறைச்சி தின்கிற வயதில்லை. ஆகவே பலியில் மிஞ்சிய மதுவில் ரொட்டியை நனைத்து ஊட்டினார்கள். ஒன்றும் அறியாமல் தாய் பின்னர் அதை நற்கருணைக்குக் கொண்டுவந்தபோது, திருத்தொண்டர் நீட்டிய கிண்ணத்துக்கு முன்னால் குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டு அழுதது என்கிறார். சிப்ரியான் இதைத் தெய்வ அடையாளமாக எழுதுகிறார். எப்படி எடுத்துக்கொண்டாலும், யாருடைய குற்றம் யார்மேல் ஏறுகிறது என்ற கேள்வி அன்றே எவ்வளவு சிக்கலாக இருந்தது என்பதற்கு இது போதும்.

சிப்ரியான் அப்போது ஊரில் இல்லை. 250 தொடக்கத்திலேயே தலைமறைவாகிவிட்டார். ரோமின் ஆயர் ஃபபியான் ஜனவரி 20இல் கொல்லப்பட்டிருந்தார்; ஆயர்களைத்தான் முதலில் குறிவைக்கிறார்கள் என்பது தெளிவாகியிருந்தது. ஆனால் ‘மேய்ப்பன் ஓடிவிட்டான்’ என்ற பேச்சு அவரை விடவில்லை. கண்டிக்க வேண்டியவரே ஒளிந்திருக்கிறார் என்றால் விழுந்தவர்கள் யாரிடம் போவார்கள்? சிறையில் கிடந்தவர்களிடம் போனார்கள்.

சித்திரவதைக்கும் பணியாமல் சிறையில் இருந்த சாட்சியருக்குச் சபையில் தனி மரியாதை. சாகப்போகிறவரின் வேண்டுதல் கடவுளிடம் எடுபடும் என்ற நம்பிக்கையில், விழுந்தவரைச் சபை உறவில் திரும்பச் சேர்க்கும்படி பரிந்துரைத்து ஒரு சமாதானச் சீட்டு எழுதித் தரும் வழக்கம் முன்பே உண்டு. இந்தமுறை அது கைமீறியது. பெயர் இல்லாமல் ‘இன்னாரை அவரைச் சேர்ந்தவர்களோடு ஏற்றுக்கொள்க’ என்ற சீட்டுகள் சுற்றின. ‘அவரைச் சேர்ந்தவர்கள்’ என்றால் 20 பேரா, 30 பேரா, விடுதலைபெற்ற அடிமைகளும் வேலையாட்களும் அதில் அடக்கமா என்று சிப்ரியான் கேட்டார். லூசியான் என்ற சாட்சி, இறந்துபோன பவுல் என்ற மறைசாட்சியின் பெயரால் கேட்டவர்க்கெல்லாம் சீட்டுக் கொடுத்தார். கடைசியில், சாட்சியர் எல்லாரும் சேர்ந்து எல்லாருக்கும் சமாதானம் வழங்கிவிட்டோம், இதை மற்ற ஆயர்களுக்கும் தெரிவியுங்கள் என்று சிப்ரியானுக்கே நான்கு வரியில் எழுதிவிட்டார். அரசாங்கச் சீட்டு வாங்கி விழுந்தவர்கள் இப்போது சபைச் சீட்டு வாங்கி எழுந்துகொண்டார்கள். சில குருக்கள் அதைப் பார்த்ததும், அறிக்கையும் இல்லாமல், ஆயர் கைவைத்தலும் இல்லாமல் நற்கருணை கொடுத்தார்கள்.

இதில் தப்பு எங்கே? சாட்சியரின் இரக்கத்தில் இல்லை. அந்தச் சீட்டில் விழுந்தவர் என்ன செய்தார் என்பது எங்கேயும் எழுதப்படவில்லை. மன்னிப்பு இருந்தது, மன்னிக்கப்பட்ட காரியம் இல்லை. சிப்ரியான் சீட்டுகளைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, நீங்களே நேரில் அறிந்தவர்களாக, தவம் நிறைவுபெறும் நிலையில் இருப்பவர்களாகக் குறிப்பிடுங்கள். முடிவை நான் திரும்பிவந்து சபை முன்னிலையில் எடுக்கிறேன் என்றார்.

அதற்குள் இரண்டு கட்சி முளைத்துவிட்டது. கார்த்தேஜில் ஃபெலிசிசிமுஸ் என்ற திருத்தொண்டர் தலைமையில், எல்லாரும் உடனே உள்ளே வரலாம் என்றது ஒன்று. ரோமில் நொவாசியன் என்ற குருவின் தலைமையில், மறுதலித்தவரைக் கடவுள் மன்னிக்கலாம், திருச்சபை மன்னிக்க முடியாது என்றது மற்றொன்று. ‘மக்கள் முன்னிலையில் என்னை மறுதலிப்பவரை நானும் மறுதலிப்பேன்’ என்ற ஆண்டவர் வார்த்தை அவர்கள் கைவாள். வேடிக்கை என்னவென்றால், கார்த்தேஜில் தாராளக் கட்சியில் இருந்த நொவாதுஸ் என்ற குரு கப்பலேறி ரோமுக்குப் போய்க் கடுமைக் கட்சியில் சேர்ந்துகொண்டார். எதிரெதிர்க் கொள்கைகள் போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் ஒரு வசதி பொது: யாரையும் உட்காரவைத்து விசாரிக்க வேண்டியதில்லை.

251 உயிர்ப்பு விழாவுக்குப் பிறகு சிப்ரியான் திரும்பினார், ஆயர்கள் கூடினார்கள். எடுத்த முடிவு: சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்து ஏற்றுக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் நீண்ட தவத்தில் நிற்க வேண்டும்; சாகும் தறுவாயில் சமாதானம் உண்டு. தவமே செய்யாமல் படுத்த பிறகு மட்டும் கேட்பவருக்கு இல்லை, ஏனென்றால் அவரைக் கேட்கவைப்பது குற்ற உணர்வு அல்ல, சாவு பயம்.

விசாரணையில் என்னென்ன கேட்டார்கள் என்பது அந்தோனியான் என்ற ஆயருக்கு சிப்ரியான் எழுதிய நீண்ட கடிதத்திலிருந்து தெரிகிறது. முதல் அழைப்பிலேயே பாய்ந்துபோனவரா, நெடுநேரம் போராடிவிட்டு வேறு வழியின்றிப் போனவரா? மனைவி மக்களையும் இழுத்துக்கொண்டு போனாரா, அல்லது தான் ஒருவராகப் போய் வீட்டாரைக் காப்பாற்றினாரா? தன் நிலத்துக் குடியானவர்களையும் நண்பர்களையும் பலியிட வற்புறுத்தினாரா, அல்லது அவர்களைத் தப்பவிட்டு, ஊர்விட்டு ஓடிவந்தவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தாரா? ஒரே பீடம், ஒரே தூபம். ஆனால் இந்த இரண்டு ஆளையும் ஒரே தட்டில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. நினுஸ், கிளெமெந்தியான், ஃபுளோருஸ் என்று மூன்று பேர் வழக்கு வந்தது. உள்ளூர் அதிகாரிகள் முன்னும் கூட்டத்தின் அடிக்கும் பணியாமல் நின்று, சிறைக்குப் போய், பின்னர் ஆளுநர் முன்னிலையில் தொடர்ந்த சித்திரவதையில்தான் உடைந்தவர்கள். அதற்குள் மூன்றாண்டு தவம் ஆகியிருந்தது. இது போதும் என்பது சிப்ரியானின் எண்ணம். ஆனாலும் மற்ற ஆயர்களைக் கேட்டே முடிவு என்றார்.

தவம் என்பது மனசுக்குள் வருந்துவது மட்டும் அல்ல, ஊரறிய நடப்பது. சாக்குத்துணி, சாம்பல், நோன்பு, ஏழைகளுக்குக் கொடை, கண்ணீர், சபையின் முன் அறிக்கை. முடிவில் ஆயரும் குருக்களும் தலையில் கைவைக்க வேண்டும். அதற்குப் பிறகே நற்கருணை. விழுந்த மறுநாளே விருந்துக்குப் போகிற ஆண்களையும், பட்டும் நகையுமாக வருகிற பெண்களையும் சிப்ரியான் சாடுகிறார். வீட்டில் ஒருவர் இறந்தால் இப்படியா இருப்பீர்கள், இறந்தது உங்கள் ஆன்மா அல்லவா என்பது அவர் கேள்வி.

சாகும் தறுவாயில் சமாதானம் என்ற விதி நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு சம்பவம் உண்டு. அந்நகர ஆயர் தியோனீசியுஸின் கடிதத்தில் வருவது. செராப்பியோன் என்ற முதியவர், வாழ்நாள் முழுக்கக் குறையில்லாதவர், சோதனையில் பலியிட்டுவிட்டார். திரும்பத் திரும்பக் கெஞ்சியும் யாரும் காதுகொடுக்கவில்லை. நோயில் விழுந்து மூன்று நாள் பேச்சு மூச்சில்லை. நான்காம் நாள் நினைவு வந்து பேரனைக் கூப்பிட்டு, குருவை அழைத்து வா என்றார். இரவு நேரம், குருவும் நோயாகப் படுத்திருந்தார். ஆனால் சாகும் தறுவாயில் இருப்பவர், அதுவும் முன்பே கெஞ்சியிருந்தவர் கேட்டால் கொடுத்துவிடவேண்டும் என்று ஆயர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். எனவே குரு நற்கருணையில் ஒரு சிறு துண்டைப் பையனிடம் கொடுத்து, இதை நனைத்துத் தாத்தா வாயில் போடு என்று அனுப்பினார். பையன் வீட்டுக்குள் நுழையும் முன்பே முதியவர் கண் விழித்து, ‘வந்துவிட்டாயா? குருவால் வர முடியவில்லை. அவர் சொன்னபடி சீக்கிரம் செய்து என்னை விடு’ என்றார். பையன் நனைத்து வாயில் விட்டான். விழுங்கியதும் உயிர் போயிற்று. ஆயர் இல்லை, கைவைத்தல் இல்லை, கொண்டுபோனது ஒரு சிறுவன். இத்தனை விலக்கும் செல்லுபடியானது முன்கூட்டி ஒரு விதி இருந்ததால்தான்.

ஓராண்டு கழித்து அடுத்த பேரரசர் காலுஸ் காலத்தில் மறுபடி துன்புறுத்தல் வரும்போல இருந்தது. 42 ஆயர்கள் கூடித் தங்கள் முடிவையே மாற்றினார்கள்: தவத்தில் நிற்பவர்கள் எல்லாருக்கும் உடனே சமாதானம். போருக்கு அனுப்பப்படுகிறவனுக்கு ஆயுதம் கொடுக்காமல் அனுப்பலாமா? கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்து என்று கேட்டுக்கொண்டே அவருடைய இரத்தத்தின் கிண்ணத்தை மறுக்கலாமா? கடுமையாக ஆரம்பித்தவர்கள் தளர்த்தியதைச் சந்தர்ப்பவாதம் என்று நொவாசியன் பக்கம் ஏசியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தவத்தில் நின்றவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. நிற்காதவர்களுக்கு அப்போதும் இல்லை.

இந்த இடத்தில் இன்றைய சபைகள் அடிக்கடி மறந்துவிடும் ஒன்று. உறவுக்குத் திரும்புவது வேறு, பதவிக்குத் திரும்புவது வேறு. துரோஃபிமுஸ் என்ற இத்தாலிய ஆயர் தூபம் போட்டவர். தம் மக்கள் பெருங்கூட்டத்தோடு திரும்பிவந்தபோது ரோம் ஏற்றுக்கொண்டது, ஆனால் பொதுநிலையினராக. ஸ்பெயினில் பசிலிதெஸ், மார்சியால் என்ற இரண்டு ஆயர்கள் சீட்டு வாங்கியது வெளியானது. பசிலிதெஸ் தாமே பதவி விலகி, பொதுநிலையினராக நற்கருணை கிடைத்தாலே பெரும்பேறு என்றவர்தான். பிறகு மனம் மாறி, ரோமுக்குப் போய் ஆயர் ஸ்தேவானிடம் முழுசாகச் சொல்லாமல் பதவியைத் திரும்பப் பெற முயன்றார். 254 வாக்கில் சிப்ரியானும் உடன் ஆயர்களும் அந்த ஊர் மக்களுக்கு எழுதிய பதில்: உங்கள் புதிய ஆயர்கள்தான் ஆயர்கள். ஸ்தேவான்மேல் குறை சொல்லவில்லை. தூரத்திலிருந்தவர், ஏமாற்றப்பட்டார் என்றார்கள். கண்ணீர் விட்ட போதகருக்கு அடுத்த மாதமே மேடை கொடுக்கிறவர்கள் அந்தக் கடிதத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

303இல் தொடங்கிய பெரும் துன்புறுத்தலுக்குப் பிறகு கணக்கு இன்னும் நுணுக்கமானது. அலெக்சாந்திரிய ஆயர் பேதுரு 306இல் வெளியிட்ட விதிகளில், வதைபட்டு உடைந்து ஏற்கெனவே மூன்றாண்டாக அழுதுகொண்டிருப்பவர்களுக்கு இன்னும் 40 நாள் நோன்பு போதும். சிறைத்துன்பம் மட்டும் பட்டு விழுந்தவர்களுக்கு மேலும் ஓராண்டு. தனக்குப் பதிலாக அடிமையை அனுப்பிப் பலியிடவைத்த முதலாளிக்கு 3 ஆண்டு; போன அடிமைக்கு 1 ஆண்டு. எசமானுக்குப் பயந்து போன கிறிஸ்தவ அடிமைக்கும் தவம் உண்டு என்பது நமக்கு உறுத்தலாம். ஆனால் எசமானுக்கு மூன்று மடங்கு. காசு கொடுத்து ‘எங்களைத் தொந்தரவு செய்யாதே’ என்று விலகிக்கொண்டவர்கள்மேல் குற்றமே இல்லை என்றும் பேதுரு சொன்னார். சிப்ரியான் கண்டித்த சீட்டுக்காரர்களும் காசுதான் கொடுத்தார்கள். வித்தியாசம் ரசீதில்: அங்கே காசுக்குக் கிடைத்தது ‘பலியிட்டேன்’ என்ற பொய், இங்கே கிடைத்தது வெறும் நிம்மதி. சொத்து போனது, வாக்கு போகவில்லை.

314இல் அங்கிராவில், இன்றைய அங்காராவில், கூடிய ஆயர் சங்கம் போட்ட பட்டியலைப் புரிந்துகொள்ள அந்தப் பகுதிச் சபைகளின் தவ நிலைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘கேட்போர்’ வாசகமும் மறையுரையும் முடிந்ததும் வெளியேற வேண்டும். ‘முழங்காலிடுவோர்’ உள்ளே வரலாம். தங்களுக்கான மன்றாட்டு முடிந்ததும் போய்விட வேண்டும். ‘உடன்நிற்போர்’ திருப்பலி முழுவதும் இருக்கலாம். காணிக்கையாக அப்பமும் இரசமும் கொண்டுவரவும் முடியாது, நற்கருணை வாங்கவும் முடியாது. கேட்போருக்கும் முன்னால் கதவுக்கு வெளியே நின்று அழுவோர் என்ற நிலையும் பின்னாளில் பேசப்படுகிறது.

இனிக் கணக்கு. கையைப் பிடித்துத் தூபத்தைத் திணித்து, வாயில் உணவைத் திணித்து, தான் கிறிஸ்தவன் என்று கத்திக்கொண்டே இருந்தவருக்குத் தண்டனை கிடையாது. அவரை விலக்கிவைத்திருந்தால் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டாயத்தால் பலி விருந்துக்குப் போனாலும், நல்ல உடை உடுத்திக் களிப்பாகச் சாப்பிட்டவருக்கு 1 ஆண்டு கேட்போர், 3 ஆண்டு முழங்காலிடுவோர், 2 ஆண்டு உடன்நிற்போர். துக்க உடையில் போய் விருந்து முழுக்க அழுதுகொண்டே சாப்பிட்டவருக்கு 3 ஆண்டு முழங்கால். அழுதார், சாப்பிடவில்லை என்றால் 2 ஆண்டு முழங்கால், 1 ஆண்டு உடன்நிற்றல். மிரட்டியதுமே பலியிட்டவர் உயிர்ப்புப் பெருவிழாவரை கேட்போராக இருந்து, பிறகு 3 ஆண்டும் 2 ஆண்டுமாக, ஆக 6 ஆண்டு. கட்டாயத்தில் இரண்டு மூன்று முறை பலியிட்டவருக்கு 4 ஆண்டு முழங்கால், 2 ஆண்டு உடன்நிற்றல், 7ஆம் ஆண்டில் முழு உறவு. புறவினத்தார் விருந்துக்குத் தன் சோற்றைக் கட்டிக்கொண்டுபோய் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவரைக்கூட விடவில்லை, 2 ஆண்டு. உடுத்திய உடைக்கும் வடித்த கண்ணீருக்கும் ஆண்டுக்கணக்கா என்று சிரிக்கத் தோன்றும். விருந்தில் யார் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தவர்கள் எல்லாரும் அதே ஊரில்தான் இருந்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

பட்டியலின் உச்சம் ஒன்பதாம் விதி: தான் மறுதலித்தது மட்டுமன்றி, சகோதரர்மேல் பாய்ந்து அவர்களையும் வற்புறுத்தியவர், வற்புறுத்தக் காரணமானவர். 3 ஆண்டு கேட்போர், 6 ஆண்டு முழங்கால், 1 ஆண்டு உடன்நிற்போர், ஆக 10. யூதாசு 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்துப் பாவம் செய்தேன் என்றபோது தலைமைக் குருக்கள், எங்களுக்கென்ன, நீயே பார்த்துக்கொள் என்று கைகழுவினார்கள். அங்கிரா ஆயர்கள் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. பத்தாண்டு என்பது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் அதற்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. வற்புறுத்தப்பட்டவரின் குடும்பம் அதே கூடத்தில் நிற்கும்போது அதைவிடக் குறைவாகச் சொல்ல அவர்களுக்கு வாய் வந்திருக்காது.

குருக்களுக்குத் தனி விதி: பலியிட்டபின் மனம் திரும்பி மறுபடி உண்மையாகவே துன்பத்தை எதிர்கொண்டவர் தம் இருக்கையின் மரியாதையை வைத்துக்கொள்ளலாம், திருப்பலியும் மறையுரையும் கூடாது. ‘உண்மையாகவே’ என்பதற்குச் சங்கம் விளக்கமும் தந்தது: வதைப்பவர்களோடு முன்பே பேசிவைத்துக்கொண்டு, வதைபட்டதுபோல நடித்தவர்கள் இதில் சேரமாட்டார்கள். அப்படியும் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

325 நிசேயா சங்கம், பேரரசர் லிசீனியுஸ் காலத்தில் எந்த நெருக்கடியும் சொத்திழப்பும் ஆபத்தும் இல்லாமலே விழுந்த விசுவாசிகளுக்கு 3, 7, 2 என்று 12 ஆண்டு வைத்தது. படைப் பணியைத் துறந்துவிட்டுப் பிறகு லஞ்சம் கொடுத்துத் திரும்பச் சேர்ந்தவர்களுக்கு 3 ஆண்டும் 10 ஆண்டும். ஆனால் அங்கிராவும் நிசேயாவும் ஆயர் கையில் ஒரு சாவியைக் கொடுத்தன: அவர் தவத்தின் தரத்தைப் பார்த்துக் குறைக்கலாம், நிசேயா சொல்வதுபோல அச்சமும் கண்ணீரும் பொறுமையும் நற்செயலும் காட்டுபவருக்கு. கோயிலுக்கு வந்துபோனாலே போதும் என்று அலட்சியமாக இருப்பவர் முழு ஆண்டையும் முடிக்க வேண்டும். சாகக் கிடப்பவருக்கு வழியுணவு, அதாவது கடைசி நற்கருணை, மறுக்கப்படக் கூடாது. கொடுத்த பிறகு பிழைத்துக்கொண்டால் உடன்நிற்போர் வரிசையில் போய் நிற்க வேண்டும். ஓட்டை எங்கே விழும் என்று அனுபவத்தில் கண்டவர்கள் எழுதிய விதி அது.

இத்தனைக்கும் பிறகு வட ஆப்பிரிக்கா உடைந்தது வேறொரு துரோகத்தில். 303 பிப்ரவரி 24இல் வெளியான ஆணை கேட்டது பலியை அல்ல, திருநூல்களை. மே 19 அன்று கிர்த்தா நகரில் நடந்த சோதனைக்கு அரசு நடவடிக்கைக் குறிப்பு இருக்கிறது. ஆயர் பவுல் உட்கார்ந்திருக்க, பொருள்கள் ஒவ்வொன்றாக வந்தன: பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்களுக்கான அங்கி 82, ஆண்களுக்கான அங்கி 16, ஆண் செருப்பு 13 சோடி, பெண் செருப்பு 47 சோடி. ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த துணிமணிதான் பெரும்பகுதி. நூல்கள் எங்கே? கோயிலில் திருநூல் வாசிக்கும் வாசகர்களிடம். வாசகர்கள் யார்? ‘நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்ல, இதோ நிற்கிறோம், கொல்லச் சொல்லுங்கள்’ என்றார்கள் துணைத்திருத்தொண்டர் இருவர். கைதானார்கள். வேறு சிலர் வழிகாட்ட, வீடு வீடாகப் போய் ஒருவரிடம் 4, ஒருவரிடம் 5, ஒருவரிடம் 8 என்று அள்ளினார்கள். சில்வானுஸ் என்ற துணைத்திருத்தொண்டர் ஒரு சாடிக்குப் பின்னால் கண்டதாகச் சொல்லி, ஒரு வெள்ளிப் பெட்டியையும் ஒரு வெள்ளி விளக்கையும் கொண்டுவந்து கொடுத்தார். ‘இவை கிடைக்காமல் போயிருந்தால் நீ செத்திருப்பாய்’ என்றார் எழுத்தர்.

இரண்டாண்டு கழித்துக் கிர்த்தாவுக்குப் புதிய ஆயரைத் தேர்ந்தெடுக்கச் சுற்றுவட்டார ஆயர்கள் கூடினார்கள். மூத்தவரான செகுந்துஸ், முதலில் நாம் நம்மை விசாரித்துக்கொள்வோம் என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார். பின்னாளில் ஹிப்போ ஆயர் அகுஸ்தினார் எடுத்துக்காட்டும் குறிப்பில் பதில்கள் இருக்கின்றன. ஒருவர் கொடுத்தது மருத்துவ நூல்களாம். ஒருவர், நான்கு நற்செய்தியை நெருப்பில் போட அதிகாரி கட்டாயப்படுத்தினார், எழுத்து அழிந்துபோன பிரதிதான், மன்னியுங்கள் என்றார். புர்புரியுஸ் என்பவர் முறை வந்தது. சகோதரி மக்கள் இருவரைக் கொன்றதாக அவர்மேல் பேச்சு இருந்தது. மிரட்டப் பார்க்கிறீரா, எனக்கு எதிராக நடப்பவர்களைக் கொன்றேன், இன்னும் கொல்வேன், நீர் எப்படி விடுதலையானீர் என்பதையும் சொல்லவைக்காதீர் என்று திருப்பினார். செகுந்துஸ் அடங்கிவிட்டார். அவரவர் கடவுளுக்குக் கணக்குக் கொடுக்கட்டும் என்று எல்லாரையும் உட்காரவைத்தார். அங்கிராவில் பயன்பட்ட கேள்விகள் எல்லாம் அந்த அறையிலும் தொடங்கின. பதிலைத் தாங்க ஆள் இல்லை. அன்று ஆயராக்கப்பட்டவர் சில்வானுஸ்.

சில ஆண்டுகளில் அதே கூட்டம் கார்த்தேஜுக்குப் போனது. புதிய ஆயர் செசீலியானுக்குக் கைவைத்து ஆயராக்கிய ஃபெலிக்ஸ் நூலைக் கையளித்தவர், எனவே அந்தத் திருநிலைப்பாடே செல்லாது என்று தீர்ப்புச் சொல்லி, மயோரினுஸ் என்பவரை ஆயராக்கினார்கள். அவருக்குப் பின் வந்த தொனாத்துஸ் பெயரால்தான் பிரிவினைக்குப் பெயர். செசீலியான்மேல் பழைய கோபம் வைத்திருந்த லூசில்லா என்ற செல்வப் பெண்மணி அந்த ஆயர்களுக்குக் கொடுத்த பணம் 400 ஃபோலிஸ், அதாவது 400 காசுப்பை. தங்கள் கையில் இருந்த கறையை விசாரிக்காதவர்கள் அடுத்தவர் கறைக்கு நீதிபதியானார்கள். ஃபெலிக்ஸ்மேல் சொன்ன குற்றமோ, விசாரணையில் கடிதம் திருத்தப்பட்டது வெளிப்பட்டுப் பொய்யானது.

இன்றைய பிரான்சின் ஆர்ல் நகரில் 314இல் கூடிய ஆயர் சங்கம் இதற்குச் சொன்ன தீர்வு இரண்டே வாக்கியம். திருநூலையோ பாத்திரங்களையோ சகோதரர் பெயர்களையோ கையளித்தவர் என்று அரசுப் பதிவுகளால் நிரூபிக்கப்பட்டால், வெறும் வாய்ப்பேச்சால் அல்ல, குருநிலையிலிருந்து நீக்கப்படுவார். அவரால் திருநிலைப்படுத்தப்பட்டவர் தகுதியுள்ளவரானால், அந்தத் திருநிலைப்பாடு செல்லும். ஒருவருடைய துரோகம் அவர் கை தொட்டவர்களுக்குத் தொற்றாது. இதைத் தொனாத்துஸ் தரப்பு ஏற்கவில்லை. 411இல் கார்த்தேஜ் கலந்துரையாடலுக்கு இரு தரப்பிலும் சுமார் 280 ஆயர்கள் வீதம் வந்து நிற்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

சில்வானுஸ் விஷயம் 320இல் வெளிவந்தது. அவருக்கும் நுந்தினாரியுஸ் என்ற திருத்தொண்டருக்கும் மனஸ்தாபம். சக ஆயர்கள் பதறிப்போய், அவனோடு சமாதானமாகிவிடுங்கள், விஷயம் வெளியே போகக் கூடாது என்று சில்வானுஸுக்கும் கிர்த்தா குருக்களுக்கும் எழுதினார்கள், புர்புரியுஸும் எழுதினார். சமாதானம் ஆகவில்லை. நுந்தினாரியுஸ் ஆளுநர் செனோஃபிலுஸிடம் போனார். 303 மே 19 நடவடிக்கைக் குறிப்பும், அந்தச் சமாதானக் கடிதங்களும் ஆளுநர் விசாரணையில் உரக்க வாசிக்கப்பட்டன. அப்போது அங்கே இருந்த கிர்த்தாக்காரர்கள் சாட்சிக்கு அழைக்கப்பட்டார்கள். வெள்ளிப் பெட்டியும் விளக்கும் பதிவேறின. மிரட்டலுக்குப் பயந்து பலியிட்டவருக்கு அங்கிரா வைத்தது 6 ஆண்டு, சகோதரரைப் பலியிட வற்புறுத்தியவருக்கு 10. ஒரு பெட்டியையும் ஒரு விளக்கையும் கொடுத்த சில்வானுஸ், சொல்லாமல் சுமந்தது 17.